விழ மறுத்த பையன்: சேலத்தில் ஒரு சிறுவர் சண்டைத் தொடர், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு காலி மனையில் சிலம்பமும் கராத்தேயும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பள்ளி நடக்கும் மாதங்களில் 30 பிள்ளைகள் வருவார்கள். முழுப்பரீட்சை முடிந்துவிட்டால் அது இரட்டிக்கும். அப்படி ஒரு கோடை விடுமுறையில் நடந்தது இது. பிள்ளைகளை வைத்துச் சண்டைக்காட்சி எடுக்க நினைக்கும் மாஸ்டர்களும், பிள்ளையை டிவியில் பார்த்துவிட ஆசைப்படும் பெற்றோரும் படித்தால் ஆகும் என்று எழுதுகிறேன். யார் பெயரும் போடவில்லை. எழுதுவதற்கு இதில் வரும் இரண்டு பிள்ளைகளின் குடும்பத்தாரும் சம்மதித்தார்கள். ஒரு வீட்டில் உடனே, இன்னொரு வீட்டில் இரண்டு மாதம் யோசித்து.

ஏப்ரல் மூன்றாவது வாரம் உள்ளூர் கேபிள் சேனல் நடத்துகிறவர் வகுப்புக்கு வந்தார். எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் கம்பம் ஏறி கேபிள் இழுத்தவர் அவர்தான். இப்போது சொந்தச் சேனலில் கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டு விழா, கல்யாண வாழ்த்து என்று ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவந்த திட்டம்: 16 பிள்ளைகள், 8 வாரம், ஞாயிறு காலை அரை மணி நேரம். தோற்றவர் வெளியேற, கடைசியில் ஒருவர் மிஞ்சுவார். அவருக்குக் கேடயமும் சைக்கிளும்; செலவு ஒரு துணிக்கடையுடையது. சண்டைகள் எல்லாம் முன்கூட்டியே அமைத்து ஒத்திகை பார்த்தவையாக இருக்கும். யார் ஜெயிப்பது என்பதை அவரும் நானும் உட்கார்ந்து முடிவு செய்வோம். ஆனால் அதை வெளியில் சொல்லக் கூடாது. பெற்றோரிடம் சொன்னால் தெருவுக்குப் போய்விடும், ஆகவே அவர்களுக்கும் வேண்டாம் என்றார்.

ஒப்புக்கொண்டேன். வகுப்பு மெத்தைகள் கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்துகொண்டிருந்தது, பணம் வேண்டியிருந்தது. அதோடு, நிஜமாக மோதவிட்டால்தான் அடி படும், அமைத்த சண்டையில் படாது என்று நம்பினேன். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

மாதிரியாக வந்த நிகழ்ச்சி

கேபிள்காரர் யூடியூபில் ஒரு பழைய அமெரிக்கத் தொடரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். டபிள்யூ.எம்.ஏ.சி. மாஸ்டர்ஸ் என்று பெயர். 1995 முதல் 1997 வரை அங்கே சிறுவர்களுக்காக ஓடியது. முதல் பருவத்தைத் தொகுத்து வழங்கியவர் புரூஸ் லீயின் மகள் ஷானன் லீ. வீரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர், ஒரு சின்னம். ஜெயித்தால் எதிராளியின் சின்னம் இவர் இடுப்புப் பெல்ட்டில் ஏறும். எல்லோரும் குறி வைப்பது டிராகன் ஸ்டார் என்ற பரிசை. நடுநடுவே பிள்ளைகளுக்கு ஒழுக்கம், பொறுமை பற்றி நாலு வார்த்தை சொல்வார்கள்.

சண்டைகள் முன்பே அமைக்கப்பட்டவை. ஆடியவர்கள் மட்டும் அசல் ஆட்கள். ஹெர்ப் பெரெஸ் என்பவர் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், டேக்வாண்டோ இன்னும் காட்சிப் போட்டியாக இருந்த சமயத்தில், தங்கம் வாங்கியவர். ஹோ சங் பாக் என்பவரின் உடலசைவைப் படம்பிடித்துத்தான் மார்ட்டல் காம்பாட் வீடியோ கேமில் லியு காங் பாத்திரத்தை உருவாக்கினார்கள். கிறிஸ் காசமாசா, 1995இல் வந்த அதன் சினிமாவில் ஸ்கார்ப்பியனாக ஆடியவர்.

நான்கு அத்தியாயம் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டேன். எத்தனை அசைவுக்கு ஒரு நிறுத்தம், கேமரா எங்கே நிற்கிறது, அடி வாங்குகிறவர் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறார் என்று இரண்டு பக்கம் எழுதினேன். பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. அந்தத் தொடரில் தோற்றுக் காட்டியவர்கள் எல்லோரும் வெளியே ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள். பெரெஸ் டிவியில் பத்துத் தடவை விழுந்தாலும் பார்சிலோனா தங்கம் அவர் வீட்டில்தான் இருக்கும். என் பிள்ளைகளுக்கு அப்படி வீட்டில் எதுவும் இல்லை. அவர்கள் கணக்கில் இந்தத் தொடர்தான் முதல் பதக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவைப் பார்க்காமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை. 1935இல் டி.ஆர்.சுந்தரம் ஆரம்பித்த சினிமாக் கம்பெனி. கத்திச்சண்டை, மல்யுத்தம் என்று அங்கே எடுக்காதது இல்லை. அந்தக் காலத்துச் சண்டைக்காரர் வீட்டுப் பெரியவர் யாரையாவது தேடிப்போய் இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். யூடியூபே போதும் என்று இருந்துவிட்டேன்.

மூன்று வார ஒத்திகை

காலை 6 மணி முதல் 8 வரை ஒத்திகை. ஒரு சண்டைக்கு 40 அசைவு. எட்டு எட்டாக ஐந்து துண்டு. கராத்தேயில் யாகுசோகு குமிதே என்று ஒன்று உண்டு, யார் எங்கே அடிப்பார், எதிராளி எப்படித் தடுப்பார் என்பதை முன்பே பேசிவைத்து ஆடுவது. பெரிய பிள்ளைகளுக்கு அது பழக்கம் என்பதால் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். கம்புக்கும் அதே முறைதான். பிரம்புக் கம்பு, அவரவர் நெற்றி உயரம்.

மூன்று விதி வைத்தேன். அடிக்கிறவர் முதலில் எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். எதிராளி தலையை லேசாக ஆட்டிய பிறகே கம்பு கிளம்ப வேண்டும். கம்பு நுனி உடம்புக்கு இரண்டு சாண் முன்னால் நின்றுவிட வேண்டும். அடி பட்டது போலக் காட்டுவது வாங்குகிறவர் வேலை. கேமரா ஒருவர் முதுகுக்குப் பின்னால், கம்பு போகும் அதே நேர்க்கோட்டில் நின்றால் அந்த இரண்டு சாண் திரையில் தெரியாது. பக்கவாட்டில் போனால் அப்பட்டமாகத் தெரியும்.

கேபிள்காரர் கம்பு மோதும் சத்தம் நேரடியாக வேண்டும் என்றார். ஸ்பாஞ்சு சுற்றிய பிளாஸ்டிக் பைப்பில் எடுத்துவிட்டு சத்தத்தைப் பிறகு சேர்க்கலாம் என்றேன். ‘டக்குனு கேக்கோணும் மாஸ்டர், அதுலதாங்க உயிரே இருக்குது’ என்றார். சிலம்பக்காரனுக்கு அந்தச் சத்தத்தின் மேல் ஆசை இருக்காதா? விட்டுக்கொடுத்தேன்.

18 நாள் ஒத்திகையில் விழுவதற்கு ஒதுக்கியது மொத்தமாக ஒரு மணி நேரம். கடைசி இரண்டு நாள், அரை அரை மணி. நோட்டை இப்போது எடுத்துப் பார்த்தாலும் அந்த இடம் கண்ணை உறுத்துகிறது.

முன்னாலேயே தெரிந்த அறிகுறிகள்

முதல் வாரம் தாண்டியதும் வருகைப் பதிவேட்டில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. லீவு போட்டது எல்லாம் தோற்க வேண்டிய பிள்ளைகள். ஒருவனுக்கு வயிற்று வலி, ஒருத்திக்கு மாமா வீட்டு விசேஷம். தற்செயல் என்று நினைத்தேன்.

தலைப்பில் வரும் பையனுக்கு வயது 13. ஐந்து வருடமாக என்னிடம் கம்பு பிடிக்கிறான். வகுப்பில் தொட்டால் புள்ளி என்று நிஜமாக ஆடவிட்டால் பத்தில் ஏழு அவனுக்குத்தான் போகும். இறுதிச் சண்டையில் அவனுக்கு எதிரே 12 வயதுப் பெண், மூன்று வருடப் பயிற்சி. சுழற்சி அழகாக வரும், கேமராவுக்கு ஏற்ற பிள்ளை. அவள் ஜெயிப்பதாகக் கதை அமைத்தோம். கேபிள்காரர் கேட்டார் என்று மட்டும் சொன்னால் அது நேர்மை ஆகாது. பெண் ஜெயித்தால் அடுத்த வருடம் பெண் பிள்ளைகள் கூடச் சேர்வார்கள் என்ற கணக்கு எனக்கும் இருந்தது.

பையனின் அப்பா வெள்ளிப்பட்டறையில் வேலை செய்கிறவர். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, ‘ஏங்க மாஸ்டர், இதுல ஜெயிச்சா குடுக்கற சர்ட்டிபிகேட்டு அந்த 3 பர்சென்ட் கோட்டாவுக்கு ஆகுங்களா?’ என்று கேட்டார். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்த பிறகு இந்தக் கேள்வி கேட்காத பெற்றோர் குறைவு. ஆகாது, அதற்கு அங்கீகரித்த போட்டிகள் தனி என்று சொன்னேன். ‘செரி, எதுக்கும் இருக்கட்டுங்க’ என்று சிரித்தார். சண்டை முடிவு எழுதிவைத்தது என்பதை அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. கேபிள்காரருக்குக் கொடுத்த வாக்கு என்று விழுங்கிவிட்டேன்.

முதல் மூன்று சுற்றையும் அஸ்தம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு சனி ஞாயிறில் எடுக்கத் திட்டம். அரையிறுதி தவிர மற்றவை முடிந்தன. ஒளிபரப்பும் தொடங்கிவிட்டது. முதல் வாரத்திலேயே பையன் ஜெயித்தான். தெருவில் அவனைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் தோற்கப் போகிறோம் என்பது அவனுக்கு ஒரு மாதமாகத் தெரியும். வீட்டில் சொல்லக் கூடாது என்று நாங்கள் சத்தியம் வாங்கியிருந்தோம். பதிமூன்று வயதுப் பிள்ளையின் தலையில் இப்படி ஒரு மூட்டையை ஏற்றியிருக்கிறோம் என்று எனக்கு உறைக்கவில்லை.

ஏற்காட்டில் அந்த நாள்

அரையிறுதியையும் இறுதியையும் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வைத்தார்கள். காலை ஐந்தரைக்கு இரண்டு வேன். 20 கொண்டை ஊசி வளைவில் மூன்று பிள்ளைகள் வாந்தி. இடம், காபிக் கொட்டை காயப்போடும் களம். நல்ல சிமெண்ட் தரை. பின்னால் சில்வர் ஓக் மரங்களும் மலைச்சரிவும். பார்க்க ஜோராக இருந்தது. பையன் விழும் இடத்தில் மட்டும் இரண்டு மெத்தை போட்டு மேலே தென்னைநார்ப் பாயை விரித்து மறைத்தோம்.

மதியம் வரைக்கும் அறிமுகக் காட்சிகள், நடந்து வருவது, திரும்பிப் பார்ப்பது, பிறகு அரையிறுதி. இறுதிச் சண்டை ஆரம்பிக்கும்போது இரண்டரை. பிள்ளைகள் எழுந்தது நாலரைக்கு. நடுவில் தயிர்சாதமும், ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன தட்டுவடை செட்டும். செட் நனைந்து நமுத்துப்போயிருந்தது. அதையும் விடாமல் தின்றார்கள்.

முதல் நான்கு துண்டும் நன்றாக வந்தன. ஐந்தாவது துண்டில்தான் முடிவு: அவள் ஒரு சுற்றுச் சுற்றி கம்பை அவன் விலாப் பக்கம் வீசுவாள், அவன் வாங்கி, கம்பை நழுவவிட்டு, மல்லாக்க மெத்தையில் விழுவான். முதல் மூன்று டேக்கில் சரியாகத்தான் விழுந்தான். ஒன்றில் கேமரா ஆடிவிட்டது, ஒன்றில் நாய் குறுக்கே ஓடியது, ஒன்று கேபிள்காரருக்குப் பிடிக்கவில்லை. நாலாவதிலிருந்து அவன் விழுவது தாமதமானது. கம்பு போய் முடிந்த பிறகு, யாரோ சொன்னதால் உட்காருகிறவன் மாதிரி உட்கார்ந்தான்.

நாலு மணிக்குப் பனி இறங்கியது. பின்னாலிருந்த மரங்கள் மறைந்தன. கேமராவைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். உடனே இடைவெளி தெரிந்தது. ‘மாஸ்டர், ஒரு சாண் கிட்ட வரச் சொல்லுங்க, வெளிச்சம் போவுது.’ இரண்டு சாணை ஒரு சாண் ஆக்கினேன். அந்த நாளில் நான் செய்த தவறுகளில் இதுதான் பெரியது என்பது என் கருத்து. பிள்ளைகள் களைத்திருந்தார்கள், கம்பு ஈரத்தில் வழுக்கியது, தரை சிமெண்ட். இடைவெளியைக் கூட்ட வேண்டிய நேரத்தில் குறைத்தேன்.

பத்தாவது டேக் முடிந்ததும் பையன் என் பக்கத்தில் வந்து, கம்பைத் துண்டால் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: ‘மாஸ்டர், நெசமா ஆடுனா யாருங்க ஜெயிப்பா?’

‘இப்ப எதுக்குடா அது? இந்தத் தடவ ஒழுங்கா விழு’ என்றேன்.

பதினோராவது டேக். அவள் கண்ணைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டவில்லை. களைப்பில் அவள் அதைக் கவனிக்காமல் வீசிவிட்டாள். அவன் விழவில்லை. தடுத்தான். நான் ஐந்து வருடமாகச் சொல்லிக்கொடுத்த தடுப்பு, ஒரு பிசகு இல்லாமல். அதே வேகத்தில் கம்பைத் திருப்பி அவள் கையில் ஒரு அடி. அவள் கம்பு களத்தில் உருண்டு ஓடியது. அவள் அழவில்லை, இடது கையை வலது அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு குனிந்து நின்றாள். கேபிள்காரர் ‘சூப்பர்’ என்று கத்தினார். நடிப்பு என்றே நினைத்துவிட்டார்.

உடனே எடுத்த முடிவுகள்

இடது சுண்டு விரல் பத்து நிமிடத்தில் வீங்கி நீலம் பாய்ந்தது. எஸ்டேட் வாட்ச்மேன், ‘சுளுக்குங்க, இழுத்து வுட்டா செரியாப் போயிரும்’ என்று கையை நீட்டினார். விடவில்லை. எலும்பு உடைந்திருந்தால் இழுப்பது அதை விலகச் செய்துவிடும். விரலில் மோதிரம் இல்லை, இருந்திருந்தால் வீங்கும் முன் கழற்ற வேண்டும். ஏரிப் பக்கத்து ஐஸ்கிரீம் வண்டியில் ஐஸ் வாங்கி, துணியில் சுற்றி ஒத்தினோம். ஐஸை நேராகத் தோலில் வைக்கவில்லை. ஐஸ்குச்சி ஒன்றைக் கீழே கொடுத்து மோதிர விரலோடு சேர்த்து பிளாஸ்திரி ஒட்டி, கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கட்டினோம்.

படப்பிடிப்பை நிறுத்தச் சொன்னேன். பையனை மட்டும் வைத்து ஒரு குளோசப் எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு பேச்சு வந்தது. முடியாது என்றேன். அந்த ஒரு விஷயத்திலாவது தடுமாறவில்லை.

பையனை அங்கே வைத்துத் திட்டவில்லை. நல்ல மனசு என்று இல்லை. அவன் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் விட்டது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இறங்கும்போது முன் சீட்டில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். பெண்ணும் என் மனைவியும் பின்னால். பதினோராவது வளைவு வரைக்கும் யாரும் பேசவில்லை. பிறகு அவன், ‘தெரியாம பட்டிருச்சுன்னு சொல்லீறட்டுங்களா?’ என்று கேட்டான். ‘நீ நடந்ததச் சொல்லு, நானும் நடந்ததச் சொல்றேன்’ என்றேன்.

சேலத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சுண்டு விரலின் நடு எலும்பில் விரிசல்; விலகவில்லை. பக்கத்து விரலோடு சேர்த்து மூன்று வாரம் கட்டு. அறுவை எதுவும் தேவைப்படவில்லை.

பெற்றோரிடம் சொன்னது

அன்று இரவே இரண்டு வீட்டுக்கும் போனேன். யார் ஜெயிப்பது என்பது ஏப்ரலிலேயே முடிவானது, பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியது, இடைவெளியைக் குறைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கேபிள்காரருக்குக் கொடுத்த வாக்கு அதோடு போயிற்று. ஒரு பிள்ளைக்கு எலும்பு விரிந்த பிறகு அந்த வாக்கைக் காப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

பெண்ணின் அம்மா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்: ‘அந்த மெத்தை ஏங்க அவனுக்கு மட்டும்?’ ஜெயிக்கிறவள் விழ மாட்டாள் என்று திட்டத்தில் இருந்தது, அதனால் அவள் நின்ற இடம் வெறும் சிமெண்ட். திட்டம் தப்பினால் என்ன ஆகும் என்று யோசிக்காததற்கு அதைவிட நேரான சாட்சி இல்லை.

பையனின் அப்பா வேறு மாதிரி. ‘அப்ப எம்பையன் தோக்கோணும்னு முடிவு பண்ணீட்டுத்தான் கூட்டீட்டுப் போனீங்களா? ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறனுங்க.’ மகன் ஒரு பெண் பிள்ளையின் கையை அடித்தது அவருக்கு இரண்டாவது விஷயமாக இருந்தது. அது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் முதல் கேள்வியில் அவர் பக்கம்தான் நியாயம்.

மறுநாள் அந்தப் பெண் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. கட்டுப்போட்ட கையோடு வகுப்புக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தவள், ‘அப்ப நான் இதுவரைக்கும் ஜெயிச்சதும் பொய்தானுங்க மாஸ்டர்?’ என்றாள். தோற்பவனின் மனசு மட்டும்தான் நோகும் என்று எண்ணியிருந்தேன்.

சட்டம் தெரிந்த ஒரு பெற்றோர் இன்னொரு விஷயத்தை எடுத்துச் சொன்னார். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைப் படப்பிடிப்பில் சேர்க்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எங்களிடம் அனுமதி இல்லை. அன்று பிள்ளைகள் களத்தில் இருந்தது எட்டு மணி நேரத்துக்கு மேல். கேபிள்காரர் வாங்கியிருப்பார் என்று நான், மாஸ்டருக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்.

கூத்து வாத்தியார் வீட்டில்

ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. ஓமலூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தெருக்கூத்து வாத்தியார் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். போய் நடந்ததைச் சொன்னேன். பதினெட்டாம் போரில் துரியோதனன் விழுவான் என்பது கூத்துப் பார்க்க வந்த கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வேஷம் கட்டுகிறவருக்கு ஏன் கோபம் வருவதில்லை என்று கேட்டேன்.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னதன் சாரம் இது: அந்த வேஷத்தைப் புது ஆளுக்குக் கொடுப்பதில்லை. பீமன் வேஷத்துக்கு யாரையாவது நிறுத்திக்கொள்ளலாம். விழுகிறவன் தேர்ந்த ஆளாக இருந்தால்தான் அடிக்கிறவனுக்கும் ஆபத்தில்லை, கூத்தும் நிற்கும். ஊரும் அவனைத்தான் நினைவில் வைத்திருக்கும். ‘நீ தோக்கறவன ரெண்டாவதா எண்ணீட்டயே சாமி’ என்றார்.

சண்டைக்காட்சியின் தொழில் ரகசியமும் அதுதான் என்பது யோசித்தபோது புரிந்தது. அடி எவ்வளவு தூரத்தில் நின்றது, எப்போது பட்டது என்பதைப் பார்க்கிறவருக்குச் சொல்வது வாங்குகிறவர் உடம்பு. கழுத்தை நெரிப்பது போன்ற காட்சியில்கூடப் பிடிபட்டவர்தான் பிடித்தவரின் கையைத் தாங்கிக்கொண்டு நடத்துவார். கடிவாளம் விழுகிறவர் கையில். நாங்கள் அந்தக் கடிவாளத்தை ஒரு மாதமாக மனம் வெந்துகொண்டிருந்த பையனிடம் கொடுத்துவிட்டு, அவனுக்கு அது கடிவாளம் என்றே சொல்லவில்லை.

பிறகு நடந்தவை

கேபிள்காரரிடம் இரண்டு கேட்டேன். மீதி வாரங்களில் ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் ‘இந்தச் சண்டைகள் பேசி வைத்து ஒத்திகை பார்த்தவை’ என்று சொல்ல வேண்டும். இறுதிச் சண்டை கிடையாது. முதலாவதற்கு மூக்கால் அழுது ஒப்புக்கொண்டார். சொன்னால் யார் பார்ப்பார்கள் என்பது அவர் கவலை. சேலம் குகைப் பகுதியில் ஆடி மாத வண்டி வேடிக்கை ஊர்வலத்துக்குச் சாமி வேஷம் கட்டி வருகிறவர் எந்தத் தெருக்காரர் என்று தெரிந்துதானே சனம் முண்டியடிக்கிறது என்றேன். சொன்ன பிறகும் தெருவில் பார்த்தார்கள். பார்த்தவர் குறைந்தார்களா, கூடினார்களா என்று அளக்க எங்களிடம் வழி இல்லை.

எட்டாவது வாரத்துக்கு எங்கள் மனையிலேயே 20 நிமிடம் எடுத்துப் போட்டோம். ஒரு சண்டையை எப்படி அமைக்கிறோம் என்பது மட்டும். கேமராவைப் பக்கவாட்டில் வைத்து இடைவெளியைக் காட்டினோம், பிறகு முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அது மறைவதைக் காட்டினோம். அந்தப் பெண் கட்டுப்போட்ட கையோடு எண்ணிக்கை சொன்னாள். பையன் வரவில்லை. அவன் அப்பா அனுப்பவில்லை.

இறுதிச் சண்டை இல்லாததால் துணிக்கடைக்காரர் சைக்கிளைக் கொடுக்கவில்லை. அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கு வர வேண்டிய பணத்தில் பாதிதான் வந்தது. எக்ஸ்ரே, மருந்துச் செலவு நான் கொடுத்தேன். பெண்ணின் அம்மா வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார். மெத்தை அந்த வருடம் வாங்க முடியவில்லை.

அடிபட்ட மூன்றாவது வாரம் அந்தப் பெண்ணின் கட்டைப் பிரித்தார்கள். ஆறாவது வாரம் கம்பு பிடித்தாள். விரல் முழுதாக மடங்க இன்னும் ஒரு மாதம் ஆனது. டிவிக்கு இனி வேண்டாம் என்று அவள் பாட்டி உத்தரவு. வகுப்புக்குத் தடை இல்லை.

பையன் பள்ளி திறந்த பிறகு ஒரு மாலை தனியாக வந்தான். கேட்டின் வெளியே சைக்கிளோடு நின்றான். உள்ளே கூப்பிட்டேன். அந்தப் பெண்ணிடம் போய் என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது, நான் கம்புகளை எண்ணுவது போலத் திரும்பிக்கொண்டேன். பிறகு என்னிடம் வந்தான். மலையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்: ‘நெசமா ஆடுனா நீதான் ஜெயிப்ப. பத்துக்கு ஏழு.’ தலையை ஆட்டினான். மறுநாளிலிருந்து வருகிறான்.

இப்போது எப்படிச் செய்வேன்

அமைத்த சண்டையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் விடவில்லை. அது நல்ல பயிற்சி. இடைவெளி, நிதானம், எதிராளியின் கண்ணைப் படிப்பது எல்லாம் அதில் வரும். ஆனால் அதைப் போட்டி என்று அழைக்க மாட்டேன். எழுதிவைத்த முடிவை ஜெயித்ததாகவும் தோற்றதாகவும் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது. ஒரே சோடி ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆடட்டும், ஒரு தடவை இவன் விழட்டும், ஒரு தடவை அவள். நிஜமாக யார் தேர்ந்தவர் என்று பார்க்க வேண்டுமானால் பாதுகாப்புக் கவசம் மாட்டி, தொட்டால் புள்ளி என்று வேறொரு நாள் ஆடலாம். அந்த முடிவில் நான் கை வைக்க மாட்டேன்.

விழுவது முதல் மாதப் பாடம். மெத்தை இருவர் நிற்கும் இடத்திலும். கம்புக்குப் பதிலாக ஸ்பாஞ்சு பைப். சத்தம் வேண்டுமென்கிறவர் ஸ்டுடியோவில் சேர்த்துக்கொள்ளட்டும். தலையசைப்பு இல்லாவிட்டால் அடி கிடையாது, யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ சொல்லலாம், கேமராக்காரர் உட்பட யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. ஒரே காட்சி நான்காவது டேக்கைத் தாண்டினால் அன்றைக்கு அது இல்லை. இரண்டு சாண், இரண்டு சாண்தான். அனுமதிக் கடிதத்தை என் கையில் வாங்கிப் பார்க்காமல் பிள்ளைகளை வேனில் ஏற்ற மாட்டேன்.

பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சேர்ப்பதா என்பதில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை. நான் சின்னப் பிள்ளைகளை வேண்டாம் என்கிறேன். சனிக்கிழமைகளில் அவர்களுக்கு விழச் சொல்லிக்கொடுப்பது அந்தப் பையன்தான். ‘கால் மடங்கோணும், அப்பறம் இடுப்பு, அப்பறம் தோளு, தலை கடைசி வரைக்கும் தரையில படக் கூடாது’ என்று தானே விழுந்து காட்டுவான். அவன் சேர்க்கலாம் என்கிறான்.